கிணற்றடிக் குறிப்புகள்

இன்னும் விடியவில்லை. விளக்குப் போடத் தோன்றவில்லை.

மூச்சு வருகிறது. அழைக்காமலே வருகிறது.

முன்கையில் கொசு ஒன்று உட்கார்கிறது. மறு கை எழுகிறது. எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிகிறது.

கை அந்தரத்தில் நிற்கிறது.

எழுப்பியது ஒன்று. நிறுத்தியது ஒன்று. இரண்டுமே நான் என்கின்றன.

கொசு போய்விட்டது. தடிப்பு இருக்கிறது.

*

மனிதன் அடிப்படையில் எப்படிப்பட்டவன் என்ற கேள்வி.

நல்லவன் என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். உடம்பில் எதுவும் மறுக்கவில்லை.

கெட்டவன் என்று சொல்லிப் பார்க்கிறேன். அதையும் எதுவும் மறுக்கவில்லை.

சொல் அடங்கியபின் மூச்சு மட்டும் கேட்கிறது.

*

சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை அழுகிறது.

வயிறு இறுகுகிறது. யார் குழந்தை, எதற்கு அழுகிறது என்பதெல்லாம் பிறகு வருகிறது. இறுக்கம் முதலில் வந்துவிடுகிறது.

பிறந்து ஓரிரு நாளே ஆன சிசுக்களில் ஒன்று அழுதால் மற்றதும் அழும். பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. அந்த அழுகைகளை ஒலிப்பதிவு செய்து சிசுக்களுக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு சிசுவின் அழுகை கேட்டால் அழுகிறது. தன் அழுகையே திரும்பக் கேட்டால் அவ்வளவாக அழுவதில்லை.

தனக்கு ஒரு பெயர் உண்டென்று தெரியாது. கண்முன் ஆடும் கை தன்னுடையது என்று தெரியாது. இந்த அழுகை வேறொருவருடையது என்பது மட்டும் எங்கோ தெரிந்திருக்கிறது.

இரக்கமா. வெறும் தொற்றா.

*

கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் ஒரு சிசுவைப் பார்த்ததாக எழுதுகிறார். 1,600 ஆண்டுகளுக்கு முன்னால், வட ஆப்பிரிக்காவில். பேச்சு வராத வயது. தனக்குப் பால் கொடுக்கும் மார்பில் இன்னொரு குழந்தை இருக்கிறது. பார்த்த சிசுவின் முகம் பொறாமையில் வெளுத்துப்போகிறது.

சிசுவின் கைகால்களுக்குத்தான் வலுவில்லை, மனம் ஒன்றும் குற்றமற்றதல்ல என்று அவர் நினைக்கிறார்.

அவர் பார்த்தது நிஜம்தான் என்று எனக்குப் படுகிறது. பிரசவ வார்டில் கேட்பதும் நிஜம்தான். ஒரே தொட்டிலுக்குள் இரண்டும் படுத்திருக்கின்றன.

*

அடுத்த வீட்டு அழுகை நிற்கிறது. யாரோ தூக்கியிருக்க வேண்டும்.

வயிறு இன்னும் தளரவில்லை.

*

சீனத்தில் ஒரு கிணறு. 2,300 ஆண்டுகளாக ஒரு குழந்தை அதன் விளிம்பில் தவழ்ந்துகொண்டே இருக்கிறது.

மென்சியஸ் என்ற சீன மெய்யியலாளர் வைத்த குழந்தை அது. அதைத் திடுமெனப் பார்க்கிறவன் எவனானாலும் நெஞ்சு பதறும் என்கிறார். பெற்றவர்களின் தயவு வேண்டும் என்பதற்காக அல்ல. ஊரார் மெச்ச வேண்டும் என்பதற்காக அல்ல. கெட்ட பெயர் வந்துவிடும் என்ற அச்சத்தாலும் அல்ல. கணக்குகள் வந்து சேர்வதற்கு முன்னால் பதற்றம் வந்துவிடுகிறது.

அதை முளை என்கிறார். மரம் என்று சொல்லவில்லை.

*

பதறியவன் ஓடினான் என்றும் அவர் சொல்லவில்லை.

படிக்கும்போது கண் தானாகவே அவனை ஓடவைக்கிறது. குழந்தையைத் தூக்கவைக்கிறது. மார்போடு அணைக்கவைக்கிறது. எழுத்தில் ஓட்டம் இல்லை. பதற்றம் இருக்கிறது. அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

நெஞ்சு பதறுவதற்கும் கால் நகர்வதற்கும் நடுவே ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறார்.

அங்கே உட்கார்ந்துகொள்கிறேன்.

*

ஜன்னல் கம்பிகள் தெரியத் தொடங்குகின்றன. நிறம் இன்னும் வரவில்லை. வடிவம் மட்டும்.

பால்காரரின் சைக்கிள் மணி. ஒருமுறைதான். பிறகு அந்த மணி இருந்த இடம் கொஞ்ச நேரம் கேட்கிறது.

*

காவ்ஸி மென்சியஸோடு வாதாடியவர். மனித இயல்பு சுழலும் தண்ணீர் என்கிறார். கிழக்கே திறந்துவிட்டால் கிழக்கே ஓடும். மேற்கே திறந்துவிட்டால் மேற்கே ஓடும். நன்மை தீமை என்ற திசை அதற்குள் இல்லை.

மென்சியஸ் விடவில்லை. தண்ணீருக்குக் கிழக்கு மேற்கு இல்லை, சரி. மேல் கீழ் கூடவா இல்லை என்கிறார். கையால் அடித்தால் நெற்றிக்கு மேலே தெறிக்கும். அணை கட்டினால் மலைமேல்கூட ஏறும். அது தண்ணீரின் இயல்பா, அடித்த கையின் வேலையா.

வாதத்தில் மென்சியஸ் வெல்கிறார். அவர் பக்கத்தவர்கள் எழுதிவைத்த நூல் என்பதும் உண்டு.

தம்ளரில் தண்ணீர் இருக்கிறது. ஓடவும் இல்லை, தெறிக்கவும் இல்லை. தம்ளரின் வடிவத்தில் இருக்கிறது.

*

ச்சி நாட்டுத் தலைநகருக்கு வெளியே ஒரு மலை. எருதுமலை என்று பெயர்.

ஒரு காலத்தில் அடர்ந்த காடு. நகரம் பக்கத்தில் இருப்பதால் கோடரிகள் வந்தன. வெட்டியபின்னும் இரவுப் பனியிலும் மழையிலும் தளிர்கள் வரத்தான் செய்தன. பிறகு மாடுகளும் ஆடுகளும் வந்தன. இப்போது மொட்டை மலை. பார்க்கிறவர்கள் இதில் மரமே இருந்ததில்லை என்று நினைக்கிறார்கள்.

மனிதனுக்கும் இரவு உண்டு, விடியற்காலைக் காற்று உண்டு என்கிறார் மென்சியஸ். அந்த நேரத்தில் அவனுடைய விருப்பு வெறுப்புகள் மற்ற மனிதர்களுக்கு நெருங்கி வருகின்றன. பகலில் அவன் செய்வது அதை மறுபடி மேய்ந்துவிடுகிறது.

இப்போது அந்த நேரம்தான்.

யார் மேலும் கோபம் இல்லை. நேற்று இரவு ஒருவர் மேல் இருந்தது. தேடிப் பார்க்கிறேன். முகம் வருகிறது, கோபம் வரவில்லை.

காத்திருந்தால் வரும்.

*

ஷுன்ஸி மென்சியஸுக்குப் பிந்தியவர். மனித இயல்பு தீயது என்று நேராக எழுதுகிறார்.

பிறக்கும்போதே ஆதாயத்தின் மேல் ஆசை. பொறாமை. கண்ணும் காதும் கேட்கும் இன்பங்கள். அவற்றின் போக்கில் விட்டால் பறிப்பிலும் சண்டையிலும் போய் நிற்கும். கோணல் மரத்தை ஆவியில் வாட்டிச் சட்டத்தில் அழுத்தி நிமிர்த்த வேண்டும். மனிதனையும் அப்படித்தான். நன்மை முளைப்பதல்ல. செய்யப்படுவது.

அவர் பிறந்தது ட்சாவ் நாட்டில். கி.மு. 260இல் சாங்பிங் என்ற இடத்தில் ட்சாவ் படை ச்சின் நாட்டிடம் சரணடைந்தது. சரணடைந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். நான்கு லட்சம் பேர் என்று பழைய சீன வரலாற்று நூல் சொல்கிறது. எண் பெருக்கப்பட்டிருக்கலாம். அந்தச் செய்தி வந்த வீடுகள் பெருக்கப்பட்டவை அல்ல.

அந்த நாட்டிலிருந்து பார்த்தால் கிணற்றடியில் ஒரு குழந்தை தெரியுமா.

*

ஆனாலும் அவரே எழுதுகிறார்: தெருவில் போகிற யாரும் யூ மன்னனைப் போன்ற சான்றோனாக முடியும்.

மென்சியஸும் அப்படித்தான் சொன்னார். யாவ், ஷுன் என்ற சான்றோர் மன்னர்களைப் போல எல்லாரும் ஆகலாம்.

ஒருவர் இயல்பு நல்லது என்று தொடங்கி அங்கே வருகிறார். இன்னொருவர் தீயது என்று தொடங்கி அங்கே வருகிறார். நடந்த வழி வேறு.

ஷுன்ஸியின் மாணவர்கள் இருவர். ஹான் ஃபெய், லி ஸி. ஆசிரியர் மரத்தையும் சொன்னார், ஆவியையும் சொன்னார். அவர்கள் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். லி ஸி ச்சின் அரசின் தலைமை அமைச்சரானார். ஹான் ஃபெய் அதே ச்சின் சிறையில் கி.மு. 233இல் நஞ்சுண்டு இறந்தார். நஞ்சை அனுப்பியவர் லி ஸி என்று வரலாறு சொல்கிறது.

கூடப் படித்தவர்கள்.

*

நெற்றியில் ஒரு துளி வியர்வை. உருவாவது தெரியவில்லை. இறங்கத் தொடங்கும்போது தெரிகிறது.

துடைக்கக் கை போகவில்லை. போகாமல் இருப்பதைப் பார்க்கிறேன்.

*

ஆங்கில மெய்யியலாளர் ஹாப்ஸ் 1588இல் பிறந்தார். ஸ்பெயினின் கப்பற்படை வருகிறது என்ற பீதியில் தாய்க்கு முன்கூட்டியே வலி கண்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். பயமும் தானும் ஒரே பிரசவத்தில் வந்தவர்கள் என்று கருதியவர்.

1651இல் லெவியத்தான் வெளிவந்தது. இங்கிலாந்து மன்னனின் தலை வெட்டப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பொதுவான ஓர் அதிகாரம் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் பகை என்பது அந்த நூலின் நிலம்.

லண்டன் தெருவில் ஒரு கிழவர் பிச்சை கேட்கிறார். ஹாப்ஸின் கை பைக்குள் போகிறது. கிறிஸ்துவின் கட்டளை இல்லாவிட்டாலும் கொடுத்திருப்பீர்களா என்று பக்கத்தில் நின்ற பாதிரியார் கேட்கிறார். கொடுத்திருப்பேன் என்கிறார். கிழவரின் துயரத்தை நினைப்பது தமக்கு வலிக்கிறது. இந்தக் காசு அவருக்கும் ஆறுதல், தமக்கும் ஆறுதல்.

நண்பர் ஜான் ஆப்ரி குறித்துவைத்தது.

இதுவும் சுயநலம்தான் என்று சொல்வார்கள். இன்னொருவர் துயரம் தனக்கு ஏன் வலிக்க வேண்டும் என்ற இடத்திலேயே நான் நின்றுவிடுகிறேன். அதற்கு அப்பால் போக அவசரம் இல்லை.

*

ரூசோ 1755இல் எழுதுகிறார். ஜன்னலுக்குக் கீழே ஒருவனைக் கொல்கிறார்கள். மேலே மெய்யியலாளன் படுத்திருக்கிறான். காதுகளைப் பொத்திக்கொண்டு தன்னோடு கொஞ்சம் வாதாடினால் போதும், தூங்கிவிடலாம். தெருவில் அடிதடி என்றால் விவரமானவன் ஒதுங்கிப் போகிறான். சந்தைக்காரப் பெண்கள்தான் நடுவே புகுந்து விலக்கிவிடுகிறார்கள்.

சிந்தனைக்கு முன்பே இருப்பது இரக்கம். சிந்தனை வந்து மூடுகிறது. இது ரூசோவின் கட்சி.

தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிசின் அனாதை இல்லத்தில் விட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

எனக்குள் ஒரு தீர்ப்பு எழுகிறது. எழுவதைப் பார்க்கிறேன். கொசுவுக்கு எழுந்த கையைப் போலவே அதுவும் கேட்காமல் எழுகிறது.

*

மின்விசிறி நிற்கிறது. மின்சாரம் போய்விட்டது.

இவ்வளவு நேரம் அது சுற்றிக்கொண்டிருந்தது நின்ற பிறகு கேட்கிறது.

*

நியூ ஹேவன், அமெரிக்கா. 1961. யேல் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை.

மேசைமேல் ஒரு பெட்டி. அதில் 30 விசைகள் வரிசையாக. முதல் விசை 15 வோல்ட். அடுத்தடுத்து 15 கூடும். கடைசி 450.

சுவருக்கு அப்பால் ஒருவர் நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறார். தவறான விடை சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். மின்சாரம் நிஜமல்ல, அவர் நடிக்கிறார் என்பதை விசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் சொல்லவில்லை. சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒருவர் அதே அறையில் இருக்கிறார். தொடருங்கள் என்கிறார். குரலை உயர்த்துவதில்லை.

ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட கணக்கு: 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள்.

*

இந்த எண் எல்லாருக்கும் தெரியும். மனிதன் கெட்டவன் என்பதற்குச் சாட்சியாக எங்கும் நிறுத்தப்படுகிற எண். அதே கட்டுரையில் எண்ணுக்குப் பக்கத்தில் மில்கிராம் எழுதியிருப்பதை இவ்வளவு பேர் சொல்வதில்லை.

அவர்களுக்கு வியர்த்தது. நடுங்கினார்கள். பேச்சுத் திக்கியது. உதட்டைக் கடித்தார்கள். விரல் நகம் சதையில் பதிந்தது. 14 பேருக்கு இடம் தெரியாமல் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. பிறருடைய வலியில் இன்பம் காண்கிறவர்கள் அல்ல நாங்கள், அந்தச் சிரிப்புக்கு அப்படிப் பொருள் இல்லை என்று பிறகு அவர்கள் எடுத்துச் சொல்ல முயன்றார்கள்.

கிணற்றடிப் பதற்றம் அங்கே இருந்தது. உடம்பு முழுக்க இருந்தது. விரல் அடுத்த விசைக்குப் போனது.

*

300 வோல்ட்டில் சுவரைத் தட்டும் சத்தம் கேட்கும். அதற்கு முன்னால் 40 பேரில் ஒருவர்கூட நிறுத்தவில்லை. தட்டல் கேட்ட பிறகு ஐந்து பேர் அந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவே என்ன இருக்கிறது.

ஒரு மூச்சு இருக்கும். நாற்காலியைப் பின்னால் தள்ள இடம் இருக்கும். முந்திய விசையைவிட 15 வோல்ட்தான் கூடுதல். முந்தியதை அழுத்தியாயிற்று. அதை அழுத்திய கை இதை மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் தேடுவதற்குள் குரல் வருகிறது. தொடருங்கள்.

அப்படி 29 இடைவெளிகள்.

எனக்கு அந்த 26 பேர் மேல் கோபம் வரவில்லை. பயம் வருகிறது. விரல் நுனியில் லேசாக ஒரு குறுகுறுப்பு.

*

பின்னாளில் அந்த ஆவணங்களைத் திறந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் நிஜம்தானா என்ற சந்தேகம் கலந்துகொண்டவர்களில் பலருக்கு இருந்திருக்கிறது. எண் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

மில்கிராமே செய்த வேறொரு சோதனையும் உண்டு. விசைக்கு முன்னால் மூவர். இருவர் ஏற்கெனவே சொல்லிவைக்கப்பட்டவர்கள். நடுவில் ஒருவர் எழுந்து மாட்டேன் என்கிறார். சற்றுப் பின்னால் இன்னொருவரும் எழுகிறார். மிஞ்சியிருப்பவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

அப்போது 40 பேரில் கடைசிவரை போனவர்கள் 4.

அதே பெட்டி. அதே குரல். பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலி. அவ்வளவுதான்.

*

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் வைத்தது 12 நூற்பாக்கள். சிவஞானபோதம்.

அந்தச் சைவ சித்தாந்த வழியில் உயிருக்குத் தனி நிறம் இல்லை. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது. பளிங்குக்குப் பக்கத்தில் சிவப்பு வந்தால் பளிங்கு சிவக்கிறது.

காலி நாற்காலிகள் நினைவுக்கு வருகின்றன.

ஆனால் காவ்ஸியின் தண்ணீரைப்போல் அந்த உயிர் மாசில்லாமல் தொடங்குவதில்லை. செம்பில் களிம்பு உள்ளதுபோல் ஆணவம் அதனோடு என்றுமே இருக்கிறது. ஒரு நாளில் வந்து ஒட்டியதல்ல. பௌத்தத்தின் பாலி நூல்கள் மனம் இயல்பில் ஒளியுடையது, மாசுகள் வெளியிலிருந்து வந்தவை என்கின்றன. அங்கே அழுக்கு விருந்தாளி. இங்கே தொடக்கமே இல்லாத குடித்தனக்காரன்.

அப்படியும் அந்த மாசு உயிர் ஆகிவிடாது. களிம்பு செம்பு அல்ல.

*

அதே வழியில் வந்த உமாபதி சிவம் திருவருட்பயனில் இருட்டோடு ஆணவத்தை வைத்துப் பார்க்கிறார். இருட்டு பொருள்களை மறைக்கும். தான் இருப்பதையாவது காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது.

மனித இயல்பைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு அஞ்சவைத்தது வேறில்லை. கெட்டவன் என்ற சொல் இதற்குப் பக்கத்தில் இலகுவாக இருக்கிறது. கெட்டது தெரிந்தால் ஏதாவது செய்யலாம்.

கண்ணை மூடுகிறேன். இருட்டு தெரிகிறது.

தெரிகிறதே என்பதில் சிறிது ஆறுதல்.

*

வெயில் சுவரில் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. அது இறங்குவதை யாரும் பார்த்ததில்லை. இறங்கியிருப்பதைத்தான் பார்க்கிறோம்.

பசிக்கிறது. பசிக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

*

பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச்சுக் கொடுக்கப் போகிறார்கள். சிலருடைய பேச்சின் பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன். வழியில் வாசற்படி ஒன்றில் ஒருவர் சரிந்து கிடக்கிறார். இருமுகிறார். முனகுகிறார்.

அவசரம் இல்லாதவர்களில் 100க்கு 63 பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 100க்கு 10 பேர். டார்லியும் பேட்சனும் 1973இல் வெளியிட்டது.

நிற்காமல் போனவர்களில் சிலர், போய்ச் சேர்ந்த இடத்தில் பதற்றமாகவும் கலங்கியும் இருந்தார்கள் என்று அதில் ஒரு குறிப்பு இருக்கிறது.

பதற்றம் அடுத்த கட்டடம்வரை கூடவே நடந்து வந்திருக்கிறது.

*

ஒருவர் துணி காயப்போடுகிறார். கிளிப் கீழே விழுகிறது. எட்டிப் பார்க்கிறார். கைக்கு எட்டவில்லை.

18 மாதக் குழந்தை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுகிறது. தள்ளாடிப் போகிறது. கிளிப்பை எடுத்து நீட்டுகிறது.

அவர் உதவி கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

வார்னெக்கன், தோமசெல்லோ என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனை இது. 24 குழந்தைகளில் 22 ஒருமுறையாவது உதவின. கிளிப்பை அவர் வேண்டுமென்றே வீசி எறிந்தால் குழந்தைகள் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. விழுந்ததற்கும் எறிந்ததற்கும் வேறுபாடு அவற்றுக்குத் தெரிகிறது.

இங்கே பதற்றத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை. நடக்கத் தெரிந்து சில மாதங்களே ஆன கால்.

*

2008இல் அந்த ஆய்வாளர்கள் இன்னொன்று வெளியிட்டார்கள். உதவிய குழந்தைகளில் சிலவற்றுக்குப் பரிசாக ஒரு விளையாட்டுச் சாமான் கொடுத்தார்கள். பரிசு வாங்கிய குழந்தைகள் பிறகு குறைவாக உதவின. ஒன்றும் வாங்காதவை முன்போலவே உதவின.

மென்சியஸ் ஒரு விவசாயியைச் சொல்கிறார். ஸுங் நாட்டுக்காரர். நாற்று சீக்கிரம் வளரவில்லையே என்று கவலை. ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிடுகிறார். களைத்து வீடு வந்து, இன்று பயிர் வளர உதவினேன் என்கிறார். மகன் ஓடிப்போய்ப் பார்க்கிறான். எல்லாம் வாடிக் கிடக்கின்றன.

*

கண் ஒட்டிய மரத்துண்டுகளைக் காட்டியும் குழந்தைகளைச் சோதித்தார்கள். ஒன்று மேடேற முயல்கிறது. ஒன்று மேலே தள்ளிவிட்டு உதவுகிறது. ஒன்று கீழே தள்ளுகிறது. எதை எடுப்பாய் என்று நீட்டினால் ஆறு மாதக் குழந்தைகளும் உதவியதை எடுத்தன. 2007இல் வெளியானது. நன்மையை அறிந்தே பிறக்கிறோம் என்று பலருக்கு ஒரு மகிழ்ச்சி.

பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதே சோதனையை மிகப் பெரிய அளவில் திரும்பச் செய்தன. முடிவு 2024இல் வெளியானது. குழந்தைகளின் கை பாதிக்குப் பாதி இரண்டு பக்கமும் நீண்டது.

மனம் சற்றுத் தொய்கிறது. எதை நம்ப ஆசைப்பட்டிருந்தது என்பது அந்தத் தொய்வில் தெரிகிறது.

*

1965. தோங்கா. தலைநகரின் விடுதிப் பள்ளியிலிருந்து ஆறு பையன்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். புயலில் பாயும் சுக்கானும் போகின்றன. அட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்குகிறார்கள். 15 மாதங்கள்.

தீ மூட்டி அணையாமல் காக்கிறார்கள். ஒருவனுக்குக் கால் முறிகிறது. குச்சி வைத்துக் கட்டுகிறார்கள். அவன் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

சண்டை வந்தால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சண்டை போட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட வேண்டும். ஆத்திரம் ஆறியபின் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். 1966 செப்டம்பரில் ஒரு மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கண்டது. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

நல்லவர்கள், அதனால் பிழைத்தார்கள் என்று எழுதத் தோன்றுகிறது. ஆத்திரமும் அவர்களுடையதுதான். ஆத்திரத்துக்கும் அடிக்கும் நடுவே ஒரு தீவின் அகலத்தை வைத்தவர்களும் அவர்களேதான்.

*

2015 டிசம்பர். சென்னையில் வெள்ளம். கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவருகிறார்கள். முன்பின் பார்த்திராதவர்களை மாடிகளிலிருந்து இறக்குகிறார்கள்.

அதே நாட்களில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்கு விற்கிறது.

விற்றவரும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறார்.

*

மின்சாரம் வருகிறது. விசிறி மெல்லச் சுற்றத் தொடங்குகிறது. தாளின் ஓரம் எழுந்து எழுந்து படிகிறது.

முதல் பதற்றத்தை நம்புகிறேன். அது எங்கும் இருக்கிறது. விசையை அழுத்தியவர்களிடமும் இருந்தது. அதற்கு அடுத்த அரைநொடி என்னவாகும் என்பதில் என் நம்பிக்கை நிற்கவில்லை. நிற்காததையும் மாற்றப் பார்க்கவில்லை.

*

வடக்கு ஸ்பெயின். புர்கோஸ் நகருக்குப் பக்கத்தில் அதாபுவெர்கா என்ற குன்று. குகைக்குள் வெகுதூரம் போனால் செங்குத்தாக 13 மீட்டர் இறங்கும் ஒரு குழி. எலும்புக் குழி என்றே பெயர்.

குறைந்தது 28 பேரின் எலும்புகள். சுமார் 4,30,000 ஆண்டுகள் பழமை. நம் நேர் முன்னோர் அல்ல. நியாண்டர்தால்களின் கிளை.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இறந்தவர்களைக் கொண்டுவந்து போட்டார்கள் என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

*

14ஆம் மண்டையோடு ஒரு குழந்தையுடையது.

மண்டை எலும்புகளின் தையல் ஒன்று பிறப்பதற்கு முன்பே மூடிக்கொண்டுவிட்டது. தலை ஒரு பக்கம் கோணி வளர்ந்திருக்கிறது. முகமும் கோணியிருக்கும். மனவளர்ச்சியும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

அந்தக் குழந்தை ஐந்து வயதையாவது தாண்டி வாழ்ந்திருக்கிறது. 2009இல் வெளியான ஆய்வு.

ஐந்து ஆண்டுகள் என்றால் எத்தனை கவளம். எத்தனை குளிர்காலம். இடம் மாறும்போதெல்லாம் யாரோ இடுப்பில் தூக்கியிருக்க வேண்டும். அப்போது மென்சியஸ் இல்லை. கட்டளை இல்லை. மெச்சுவதற்கு ஊர் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம்.

*

17ஆம் மண்டையோடு இளவயதுக்காரர் ஒருவருடையது. 52 துண்டுகளாகக் கிடைத்தது. பல ஆண்டுகள் பொறுத்துச் சேர்த்தார்கள்.

இடது கண்ணுக்கு மேலே இரண்டு உடைவுகள். எலும்பு ஆறியதற்கான அடையாளம் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம். ஒரே பொருளால் விழுந்திருக்க வேண்டும். கோணம் மட்டும் வேறு. 2015இல் வெளியானது.

ஓர் உடைவு என்றால் பாறையில் விழுந்தார் என்று விட்டிருக்கலாம். இரண்டு இருப்பதால்தான் கொலை என்கிறார்கள்.

முதல் அடி விழுந்தபின் கை மறுபடி மேலே போயிருக்கிறது.

மேலே ஒரு கணம் இருந்திருக்கும்.

*

ஊட்டிய கையும் அடித்த கையும் வேறு வேறு ஆட்களுடையதா. எலும்பில் அது பதிவாவதில்லை.

இடுப்பெலும்பு ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது. 45 வயதைத் தாண்டிய ஆண். முதுகு கூனி, கம்பு ஊன்றித்தான் நடந்திருப்பார் என்கிறார்கள். வேட்டைக்குப் போயிருக்க முடியாது. அவரும் சாப்பிட்டிருக்கிறார்.

குழந்தை, அடிபட்டவர், கிழவர் எல்லாரும் ஒரே களிமண்ணில் கலந்து கிடந்தார்கள். பிரித்து எண் கொடுத்தது நாம்.

*

1984 முதல் அங்கே முறையான அகழ்வு நடக்கிறது. கோடையில் சில வாரங்கள் மட்டும் இறங்குகிறார்கள். இதுவரை 6,500க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளை எடுத்திருக்கிறார்கள். குழி இன்னும் காலியாகவில்லை.